அரச வேலையை விட்டு, வரும் காசில் கடை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவள். 2012 முதல் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கழிவு எல்லாம் போகக் கையில் கிடைப்பது 58,000 ரூபாய். வங்கிக் கடனில் இன்னும் 9 இலட்சம் இருக்கிறது. அதற்கு மாதம் 21,000 சம்பளத்திலேயே கழிகிறது. தாலிக்கொடி அடகில். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். தம்பி பட்டம் முடித்து மூன்று வருடமாக அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறான், அவன் செலவும் என் தலையில்தான். அரச ஊழியர்களைக் குறைக்கப் போகிறார்கள், விரும்பி விலகினால் 20 இலட்சம் தருவார்கள் என்று கந்தோரில் ஒரே பேச்சு. அதை வாங்கிக் கடனை அடைத்து, மிச்சத்தில் டவுனில் ஒரு கடை போடலாம் என்கிறார் மச்சான். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்த 20 இலட்சம் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும்போது விரும்பி விலகுகிறவர்களுக்கு நட்டஈடு என்று ஒரு திட்டம் வந்தது. அந்தக் கதைதான் ஊர் சுற்றி உங்கள் கந்தோருக்கும் வந்திருக்க வேண்டும். அது சபை, நீங்கள் இருப்பது அரச சேவை. உங்கள் சேவையின் பெயர் போட்டு ஒரு சுற்றறிக்கை கைக்கு வரும்வரை அது வெறும் பேச்சு.

சரி, நாளைக்கே அப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 20 இலட்சத்தில் கடன் 9 போனால் மிச்சம் 11. அதை 8 சதவீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டால் வருடத்துக்கு 88,000, மாதத்துக்கு 7,300 ரூபாய் சொச்சம். நீங்கள் விட்டுக் கொடுப்பதோ கையில் வரும் 58,000, அதோடு கடனுக்குக் கழியும் 21,000, ஆக 79,000. வட்டியை நம்பாமல் வைப்புக் காசையே எடுத்து மாதம் 58,000 செலவழித்தால் பத்தொன்பது மாதத்தில் வைப்பு காலி. கடை போட்டால் முற்பணம், தட்டு, குளிர்சாதனப் பெட்டி, சாமான் என்று அந்தக் காசு திறப்பு விழாவுக்கு முன்னாலேயே கரைந்துவிடும். தோட்டத்துச் சனம் சம்பள நாள் வரை கடனுக்குத்தான் வாங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஓய்வூதியத்தை நான் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு 60 வயதுக்கு இன்னும் 23 வருடம் இருக்கிறது. அதன் பிறகு உயிருள்ள வரை மாதாமாதம் ஒரு தொகை வரும். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் கிடைப்பதற்குத்தான் சம்பளத்தில் ஒரு பங்கு கழிகிறது. நீங்களாக இராஜினாமா கொடுத்தால் ஓய்வூதிய உரிமையும் அதோடு போய்விடும். 1990 இல் அரச ஊழியர்கள் விலகிப் போக ஒரு திட்டம் வந்தது, 44/90 என்ற சுற்றறிக்கை என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதில் போனவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது. உங்களுக்கு எப்போதாவது ஒரு கடிதம் நீட்டினால் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்: ஓய்வூதியம் உண்டா, இல்லையா. இல்லை என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். குறைக்க வேண்டும் என்கிறவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரச, அரைஅரச சேவைகளில் ஏறத்தாழ 13 இலட்சம் பேர். அரசுக்கு வருகிற வருமானத்தில் பெரும்பங்கு சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி என்ற மூன்றுக்கே போகிறது. ஆனால் 2022 இல் நாடு கவிழ்ந்ததற்கு ஊழியர் எண்ணிக்கையை மட்டும் கைகாட்டுவது சரியில்லை. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமானம் சரிந்தது. இன்று நாம் 18 சதவீதம் கட்டுகிறோம். அப்புறம், மலையகத்தில் எங்கே ஆள் மிச்சமாக இருக்கிறது? கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனை? தமிழில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆளில்லாத கந்தோர்கள் எத்தனை? 2025 நவம்பர் புயலில் மண் சரிந்தபோது பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றது கிராம சேவகரும் உங்களைப் போன்ற உத்தியோகத்தர்களும்தான். பிரஜாவுரிமைக்கே பல தசாப்தம் போராடிய சனம் நாம். அந்தக் கதிரைக்கு வந்ததே நேற்று. அதிலிருந்து முதலில் எழுந்து போவது நாமாக இருக்கக் கூடாது.

குறைக்கும்போதும் எப்படிக் குறைத்தார்கள் என்று பாருங்கள். 2022 இல் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றார்கள். அந்த வருடக் கடைசியில் 60 வயது கடந்தவர்களை ஒரேயடியாக ஓய்வில் அனுப்பினார்கள். புதிய ஆட்சேர்ப்பை இறுக்கினார்கள். நிரந்தர ஊழியரைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பவில்லை. இது நமக்குத் தெரிந்த கதைதான். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, அப்பா ஓய்வு பெற்ற இடத்தில் மகனுக்குப் பேர் பதியவில்லை. அப்படித்தான் செக்ரோல், அதாவது தோட்டத்து நிரந்தரத் தொழிலாளர் பெயர்ப் பதிவு, சுருங்கியது.

ஆகவே இந்த விஷயத்தில் அடி விழக்கூடியது உங்கள் தம்பிக்கு. உங்கள் கடிதத்தில் அவனுக்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு உறுத்தியது அந்த வரிதான். மூன்று வருடம் ஒரு பட்டதாரி வீட்டில் இருப்பது உங்கள் கடனைவிடப் பெரிய நட்டம். தனியாரில் சேர்ந்தால் நியமனம் தவறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பம் அது பாட்டில் போகட்டும், வேலை இது பாட்டில் நடக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் 8 சதவீதம் போட்டால் முதலாளி 12 போட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3. பிறகு ஓய்வூதியமுள்ள அரச நியமனம் கிடைத்தால் சேமலாப நிதிக் காசை எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரோ, ஹோட்டலோ, வங்கியோ, எதுவானாலும் பரவாயில்லை. சேமலாப நிதி கட்டுகிற இடமா என்று மட்டும் கேட்டுச் சேரச் சொல்லுங்கள். அக்காவின் மனசை அவன் புரிந்துகொள்வான், ஆனால் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு காரியம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக்கினார்கள். அந்த உயர்வு ஒரேயடியாக வரவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு பங்கு, மீதி 2026, 2027 ஜனவரிகளில். கூடி வரும் அந்தத் தொகையை வீட்டுச் செலவு பார்ப்பதற்கு முன்னால் கடனுக்குத் திருப்பிவிடுங்கள். வங்கியில் போய், கூடுதலாகக் கட்டும் காசு வட்டிக்குப் போகாமல் கடனின் முதல் தொகையில் கழியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மற்றது தாலிக்கொடி. அரச ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கொடுக்கும் இடர்கடன் எடுக்க உங்களுக்கு இடமிருந்தால் எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். அதன் வட்டி 4.2 சதவீதம்தான், அடகுக்கு நீங்கள் கொடுப்பது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அடகுச் சீட்டில் தவணை முடியும் திகதி இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துப் பாருங்கள்.