தையல் மெஷின் பெடல் டைல்ஸ் தரையில் நகராமல் இருக்க என்ன செய்யலாம்?

மோட்டார் வைத்த தையல் மெஷினை மேசை மேல் வைத்துத் தைக்கிறீர்கள், கீழே இருக்கும் கால் பெடல் டைல்ஸ் தரையில் தள்ளித் தள்ளிப் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். இந்தத் தொல்லை எனக்கு நன்றாகவே தெரியும். கழுத்துக்குப் பைப்பிங் வைத்து வளைவில் திருப்பும் நேரம் பார்த்துத்தான் பெடல் காலை விட்டு நழுவும். அதைத் தேடிப் பிடித்து மிதிக்கும்போது அழுத்தம் கூடிவிடும், ஊசி நாலு தையல் தாண்டி ஓடிவிடும். பட்டுத் துணியாக இருந்தால் பிரித்த பிறகும் ஊசித் துளை அப்படியே தெரியும்.

கடையில் எதையும் வாங்குவதற்கு முன் நீங்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். பெடல் எட்டத்தில் இருந்தால் காலை நீட்டித்தான் மிதிக்க வேண்டும். அப்போது கால் பெடலைக் கீழே அழுத்துவதில்லை, முன்னால் தள்ளுகிறது. எந்த மேட் போட்டாலும் அந்தத் தள்ளல் தீராது. முழங்காலுக்கு நேர் கீழே பாதம் வருகிற மாதிரி பெடலைக் கிட்டே இழுத்து வையுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும், முன்பாதம் மட்டும் மிதிக்கட்டும். நாற்காலி ரொம்ப உயரமாக இருந்தாலும் குதிகால் தூக்கிக்கொள்ளும், உயரத்தைக் குறையுங்கள். வயரும் இழுத்துக் கட்டின மாதிரி இல்லாமல் கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும்.

அப்புறம், பெடலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான்கள் இருக்கும். அவற்றில் நூல் பிசிறும் தூசியும் சேர்ந்து, மெஷின் எண்ணெயும் பட்டு வழவழப்பாகியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த ரப்பரையும், பெடல் இருக்கும் இடத்து டைல்ஸையும் துடைத்துக் காயவிடுங்கள். பல வீடுகளில் இதற்கே பாதி சரியாகிவிடும். ரப்பர் காய்ந்து கட்டியாகிப் போயிருந்தால்தான் அடுத்த வேலை.

என் நாத்தனார் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். அங்கே மெஷினின் மிதி ஸ்டாண்டோடு சேர்ந்தே இருப்பதால் நகருகிற பேச்சே இல்லை. என் பெடலைப் பார்த்துவிட்டு, "அண்ணி, நம்ம ஊர்ல சோல் ஷீட் கிடைக்காத இடமா? அதுல ஒரு துண்டு போடுங்க" என்றாள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் செருப்பு, ஷூ சாமான் விற்கிற கடைகளில் சோலுக்கான ரப்பர் ஷீட் கிடைக்கும். கையால் அழுத்தினால் அமுங்காத, மேலே சொரசொரப்பான ரகமாகப் பாருங்கள். பெடலை விட நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, சொரசொரப்பு கீழே வரும்படி தரையில் விரித்து, பெடலை அதன் மேல் வைத்தால் போதும். ஒட்ட வேண்டாம். பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய டியூபும் பிடிக்கும், ஆனால் வெள்ளை டைல்ஸில் கறுப்புக் கறை விழும்.

மெத்தென்ற ஸ்பாஞ்சு வேண்டவே வேண்டாம். மிதிக்கும்போது பெடலும் சேர்ந்து அமுங்கும், மெதுவாக ஓட்ட நினைத்தால் வேகம் கைக்கு வராது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பலர் சொல்வார்கள். நம்ம வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் அந்தப் பசை இளகித் தரையெல்லாம் பிசுபிசுக்கும், நூல் பிசிறெல்லாம் அதில்தான் போய் ஒட்டும்.

நாள் முழுக்கத் தைப்பவராக இருந்தால் ஒரு பலகை செய்துகொள்ளுங்கள், நான் இப்போது வைத்திருப்பது அதுதான். அரை அங்குல பிளைவுட்டில் ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம். தச்சரிடம் மீந்த துண்டே போதும். முன் விளிம்பில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டை வைத்து ஆணி அடித்தால் பெடல் அதில் முட்டி நின்றுவிடும். வயர் முன்பக்கம் வருவதாக இருந்தால் அதற்கு நடுவில் இடம் விடுங்கள். பலகைக்கு அடியில் அந்த ரப்பர் ஷீட்டை ஒட்டிவிடலாம். முக்கியமான விஷயம், பலகை உங்கள் குதிகாலும் அதன் மேலேயே ஊன்றும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். முன்பாதம் முன்னால் தள்ளினாலும் அதே பலகையில் ஊன்றிய குதிகால் பின்னால் பிடித்துக்கொள்ளும், காலின் கனமும் பலகை மேலேயே இறங்கும். பழைய வீடுகளின் வழவழ சிவப்பு சிமெண்ட் தரையிலும் அது அசையாது.

எதைப் போட்டாலும் பெடலின் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். பல பெடல்கள் ஓடும்போது சூடாகும். பெடலைத் தரையோடு நிரந்தரமாக ஒட்டவும் கூடாது, வீடு துடைக்கும்போது தண்ணீர் அடியில் இறங்கினால் ஆபத்து. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இன்னொன்று. தைத்து முடித்ததும் நகருகிற பெடலை எடுத்து மேசை மேல் வைத்துவிடுவோம். பலகையில் வைத்த பிறகு அது கீழேயே கிடக்கும், குழந்தை கை வைத்தால் மேலே ஊசி ஓடும். எழுந்திருக்கும்போதெல்லாம் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்திருங்கள்.