பெர்னி சாண்டர்ஸ் தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா?

அமெரிக்க செனட்டில் ஜனநாயகக் கட்சியினரோடு உட்கார்ந்துகொண்டே தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று இல்லையா என்று கேட்கிறீர்கள். சீட்டுக் கிடைக்காத கோபத்தில் நின்று, ஜெயித்ததும் பழைய கட்சிக்கே திரும்புகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவரால் ஒரு வேலையையே இழந்தவன் நான் என்பதால், அவருக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் என்னைச் சொல்ல முடியாது.

2009 தொடக்கத்தில் ஒரு பெரிய வங்கியில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. அந்த பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார ஊக்கச் சட்டத்தில், அரசின் மீட்புப் பணம் வாங்கிய வங்கிகள் எச்-1பி விசாக்காரர்களைப் புதிதாக எடுப்பதற்குக் கடும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சாண்டர்ஸும் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லியும் கொண்டுவந்த திருத்தம் அது. சட்டம் என்னை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வங்கிதான் வம்பு வேண்டாமென்று மூன்றே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கைகழுவியது. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். அதுவும் திரும்பி வரவில்லை.

பிறகு ஒப்பந்த வேலை கிடைத்தது வெர்மான்ட் மாநிலத்தில், அதுவும் அவர் எட்டு ஆண்டுகள் மேயராக இருந்த பர்லிங்டனில். 1970-களில் ஒரு சிறு கட்சியின் சார்பில் நான்கு முறை நின்று தோற்று, அதிலிருந்தும் விலகி, 1981-இல் வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் அந்நகர மேயரானவர் அவர். இன்று நடைபாதையும் பூங்காவுமாக இருக்கும் ஏரிக்கரையை மக்களுக்காகக் காத்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். ஆனால் 1985-இல் அவரே ஆதரித்த ஒரு கட்டுமானத் திட்டத்துக்கு நகர மக்கள் போதிய வாக்களிக்காததால்தான் அது கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். செனட்டில் குழுக்களின் இடங்கள் கட்சிவாரியாகவே பங்கிடப்படுவதால், தனியாக உட்காருகிறவர் தனியாகவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2006, 2012, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வென்று, அந்த வேட்பாளர் தகுதியை மறுத்து, சுயேச்சையாகவே நின்றார். அதனால் அக்கட்சியிலிருந்து அவருக்கு எதிராக யாரும் நிற்க முடியாமல் போயிற்று. இதைத் தந்திரம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஊரறியச் செய்வதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? 2016-லும் 2020-லும் அதே கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றாரே என்றால், அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நான் சோஷலிஸ்ட் அல்லன், வாக்குரிமையும் இல்லாதவன். ஆனாலும் ஒரு மார்ச் மாதம் பள்ளி உணவுக்கூடத்தில் அவர் நடத்திய கூட்டத்துக்கு, 2009 பற்றிய கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன் எழுந்த மூதாட்டி ஒருவர், மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி, மாதக் கடைசியில் அரை மாத்திரையாக உடைத்து விழுங்குவதாகச் சொன்னார். அவர் முடித்தபோது என் காகிதம் கோட்டுப் பையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.