லாட்கே உதிர்கிறது, தாங்யுவான் வெடிக்கிறது: யூத, சீனப் பண்டிகைக் கைவேலைகள் கேள்வி பதில்

கேள்வி: யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு லாட்கே (உருளைக்கிழங்குத் துருவலைத் தட்டிப் பொரிப்பது) போட்டேன். எண்ணெயில் விட்டதும் பிரிந்து போகிறது. மைதாவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள், அடை மாதிரி ஆகிவிடும். கிழங்கில் நிற்கும் தண்ணீர்தான் காரணம். ஒரு கிலோ பழைய கிழங்கையும் ஒரு பெரிய வெங்காயத்தையும் பெரிய கண் துருவியில் துருவி, துணியில் கட்டி, கை வலிக்கும்வரை பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை வடித்தால் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அதைச் சுரண்டித் துருவலிலேயே சேர்த்துவிடுங்கள், பிடித்து நிறுத்துவது அதுதான். பிறகு 2 முட்டை, 4 மேசைக்கரண்டி மைதா அல்லது மாட்ஸா தூள் (யூதர்களின் புளிக்காத ரொட்டிப் பொடி), ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு விழுந்ததும் கிழங்கு மறுபடி நீர் விடும், ஆகவே கலந்த கையோடு பொரிக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் ஆழ எண்ணெயில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தில் அடுக்கினால் ஆவி தங்கி அடிப்பக்கம் நமத்துவிடும். புதுக்கிழங்கில் மாவுச்சத்து குறைவு, வாங்காதீர்கள்.

கேள்வி: விருந்துக்கு யூத நண்பர் வருகிறார், கோஷர் (யூத உணவு விதிகள்) பார்ப்பவர். லாட்கேயுடன் கோழிக் குழம்பும் புளித்த கிரீமும் வைக்கலாமா?

பதில்: இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக்கூடாது. கோழி உண்டு என்றால் கிரீமுக்குப் பதில் ஆப்பிள் கூழ். கோழியே கோஷர் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். பாத்திரங்களுக்கும் விதி உண்டு என்பதால் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: குழந்தைகள் ஹனுக்காவில் சுற்றி விளையாடும் டிரைடல் பம்பரம் அட்டையில் செய்ய முடியுமா?

பதில்: களிமண்ணைவிட அட்டையே மேல். களிமண்ணில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரே எழுத்துதான் திரும்பத் திரும்ப விழும். 5 செ.மீ. சதுர அட்டையில் இரண்டு மூலைவிட்டங்கள் போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கே குட்டைப் பென்சிலைக் குத்தி, முனை ஒன்றரை செ.மீ. கீழே நீளும்படி ஒட்டுங்கள். நான்கு பகுதியிலும் நுன், கிமெல், ஹே, ஷின் என்ற ஹீப்ரு எழுத்துகளை எழுதுங்கள். எந்தப் பக்கம் தரையைத் தொட்டு நிற்கிறதோ அந்த எழுத்துதான் ஆட்டம்: நுன் என்றால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் நடுவில் எல்லோரும் போட்ட குவியல் முழுவதும் உங்களுக்கு, ஹே பாதி, ஷின் என்றால் நீங்கள் ஒன்று வைக்க வேண்டும். ‘அங்கே ஒரு பெரிய அற்புதம் நடந்தது’ என்னும் ஹீப்ரு வாக்கியத்தின் முதலெழுத்துகள் இவை. இஸ்ரேலில் ஷின்னுக்குப் பதில் பே இருக்கும். அவர்களுக்கு அது ‘இங்கே’!

கேள்வி: சீனர்களின் விளக்குத் திருவிழாவுக்குத் தாங்யுவான் (எள் பூரணம் வைத்த அரிசிமாவு உருண்டை) உருட்டினேன். இடியாப்ப மாவில் செய்தது பிளந்து எள்ளெல்லாம் வெளியே வந்துவிட்டது.

பதில்: மாவே தவறு. சாதாரண அரிசி மாவுக்கு அந்த இழுவை வராது. பசையரிசி மாவுதான் வேண்டும். மலேசியாவில் ‘தெப்புங் புளுட்’ என்று கேளுங்கள். 200 கிராம் மாவுக்கு சுமார் 160 மி.லி. தண்ணீர், கொஞ்சங்கொஞ்சமாக. பிசைந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தட்டையாக்கிக் கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து, மீதி மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். கொழுக்கட்டைக்கு மாவை வெந்நீரில் கிளறும் அதே காரணம்தான்: வெந்த மாவு பசையாகி விரிசல் விடாமல் தடுக்கும். பூரணத்துக்கு வறுத்துப் பொடித்த கறுப்பு எள் 100 கிராம், சர்க்கரை 60, வெண்ணெய் 60 (மரபுப்படி பன்றிக்கொழுப்பு). 8 கிராம் உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் கல்லாக உறைய வையுங்கள். இளகிய பூரணத்தை மூடப்போனால் மடிப்பில் எண்ணெய் பட்டு ஒட்டாது. ஒவ்வொன்றுக்கும் 18 கிராம் மாவு. கொதிக்கும் நீரில் போட்டதும் கரண்டியின் முதுகால் அடியை மெல்லத் தள்ளிவிட்டு, தீயைக் குறையுங்கள். மிதந்த பிறகு இரண்டு நிமிடம் போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் எவ்வளவு நல்ல மாவானாலும் வெடிக்கும்.

கேள்வி: சிவப்புக் காகித விளக்கு வெட்டினால் நாடா நாடாகப் பிரிந்து விழுகிறது.

பதில்: திறந்த ஓரத்திலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். நீளவாக்கில் மடித்து, மடிப்பின் பக்கமிருந்து, எதிர் ஓரத்தில் இரண்டரை செ.மீ. விட்டு வெட்டுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு மட்டும்.

கேள்வி: கதவில் ‘ஃபூ’ எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவது தவறா?

பதில்: இல்லை. சீனத்தில் ‘தலைகீழ்’ என்பதும் ‘வந்துவிட்டது’ என்பதும் ஒரே உச்சரிப்பு. ‘ஃபூ’ என்றால் நற்பேறு.

கேள்வி: யூதர்களின் பூரிம் பண்டிகைக்குச் செய்யும் ஹமன்டாஷென் (பூரணம் வைத்த பிஸ்கட்) முக்கோணம் அடுப்பில் விரிந்து தட்டையாகிறது.

பதில்: பூரணம் அதிகம், மாவு சூடு. 8 செ.மீ. வட்டத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள். கடை ஜாம் உருகி ஓடும். கெட்டியான பேரீச்சம்பழ விழுது நிற்கும். மூன்று மூலைகளையும் அழுத்திக் கிள்ளி, தட்டோடு அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்து, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். பழைய வழக்கம் கசகசா பூரணம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை, ஊரிலிருந்து பொட்டலம் கட்டி எடுத்துப் போய்விடாதீர்கள். மிஞ்சிய ஹமன்டாஷெனைப் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கும் வைத்திருக்காதீர்கள். ஒரு மாதத்தில் அது வந்துவிடும், அப்போது கோதுமை மாவுப் பலகாரம் வீட்டிலேயே இருக்கக்கூடாது.