லியோனில் ஐந்து மாதம்: கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பரிமாற்ற மாணவியாக ஜனவரி கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை பிரான்ஸின் லியோன் நகரில் படிக்கப் போகிறேன். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பார்-தியூ ரயில் நிலையம் பக்கத்தில் கட்டில், மேசையோடு ஓர் அறை இணையத்தில் கிடைத்தது. மாத வாடகை 520 யூரோ. இரண்டு மாத அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்த்து 1,560 யூரோவை இப்போதே அனுப்பச் சொல்கிறார் வீட்டுக்காரர். ஒப்பந்தம் நான் வந்த பிறகாம். போய் வந்த சீனியர் ஒருவர், "அட்வான்ஸ் திரும்பி வராது, கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: முதலில், பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பிரான்ஸில் அட்வான்ஸ் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்போது கொடுப்பது. அதற்கு முன்னால் 'இடம் பிடித்து வைக்க' என்று ஒரு யூரோகூடக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு, இரண்டு மாதம்தான் என்றதும் 'பரவாயில்லையே' என்று தோன்றிவிடுகிறது. அன்று சாயங்காலமே அப்பா வங்கிக்குக் கிளம்பிவிடுகிறார்.

லியோனில் வாடகைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் இதே கதையைக் கேட்கிறேன். வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார். படங்கள் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வேறொரு வீட்டிலிருந்து எடுத்தவை. பணம் வெஸ்டர்ன் யூனியனில் வர வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்கடையில் விற்கும் ரீசார்ஜ் கூப்பன் எண்ணை அனுப்ப வேண்டும் என்பார். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் நகலை அனுப்புவார். அது பல நேரம் அவரிடம் முன்பு ஏமாந்த இன்னொரு மாணவருடையது. நீங்கள் அனுப்பும் நகல் அடுத்த ஆளை ஏமாற்றப் போய்விடும். யாருக்கு எந்த ஆவணத்தை அனுப்பினாலும், பிரெஞ்சு அரசே இலவசமாக நடத்தும் 'ஃபிலிக்ரான் ஃபசில்' தளத்தில் 'இந்த அறைக்கான விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று நகலின் குறுக்கே எழுத்துப் பதித்து அனுப்புங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். வீட்டுக்காரர் என்னென்ன ஆவணம் கேட்கலாம் என்று 2015-ல் வந்த அரசாணை பட்டியல் போட்டிருக்கிறது. அதில் அது இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. காலியாக இருக்கும் வீடுகளின் பட்டியலைத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கும் வியாபாரிகள். பட்டியலை முழுதாகக் கொடுப்பதற்கு முன் அவர்கள் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். கையில் வரும் பட்டியலில் உள்ள வீடுகள் முன்பே போனவையாக இருக்கும். நம் ஊரில் விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் 'பேக்கேஜ்' என்று விற்கும் ஏஜென்டுகளும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அப்படியானால் ஒப்பந்தத்தை இப்போதே மின்னஞ்சலில் அனுப்பட்டும், கீழே 'விசால்' பற்றிச் சொல்வதை முடித்த பிறகு இரண்டு பேரும் இணையத்திலேயே கையெழுத்துப் போடலாம். நீங்கள் போகும் கல்லூரியின் பரிமாற்ற மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, அங்கே படிக்கும் யாராவது நேரில் போய் அறையைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இதற்கு மறுப்பவரிடம் மேலே பேசவே வேண்டாம்.

இனி, உங்களுக்குப் பெரிய அளவில் பணம் மிச்சப்படுத்தக்கூடிய ஒரு விஷயம். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 2018 நவம்பரில் வந்த 'எலான்' என்ற வீட்டு வசதிச் சட்டம் 'பாய் மொபிலித்தே' என்று ஒரு வகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. சாமான்களோடு கூடிய வீட்டுக்கு மட்டும், ஒரு மாதம் முதல் பத்து மாதம் வரை, மாணவர்களும் பயிற்சிக்கு வருபவர்களும் போட்டுக்கொள்ளலாம். இதில் வீட்டுக்காரர் அட்வான்ஸே கேட்கக் கூடாது. குறைத்து வாங்கலாம் என்றுகூட இல்லை, வாங்கவே கூடாது. சாதாரண சாமான் வீட்டு ஒப்பந்தத்தில்தான் இரண்டு மாதம் வரை வாங்க அனுமதி. உங்கள் ஐந்து மாதத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆனால் ஒப்பந்தத் தாளில் 'பாய் மொபிலித்தே' என்ற பெயரும், நீங்கள் வந்திருக்கும் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரண ஒப்பந்தம், அட்வான்ஸ் கேட்பதும் செல்லும். பெயரைப் போட்டுவிட்டு 'வேறு கணக்கு' என்று 1,040 யூரோ கேட்பவர்களும் உண்டு. அப்போது கொடுக்காதீர்கள். இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது. பத்து மாதத்தைத் தாண்டாத வரை ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். ஜூலையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் அது உதவும்.

அட்வான்ஸ் இல்லையென்றால் ஜாமீன் கேட்பார். பிரான்ஸில் சம்பாதிக்கும் ஆள்தான் வேண்டும் என்பார். கோவையில் இருக்கும் அப்பாவின் சம்பளச் சீட்டுக்கு அங்கே மதிப்பில்லை. இதற்கு 'விசால்' இருக்கிறது. நீங்கள் வாடகை கட்டாமல் போனால் அவருக்குப் பணம் கொடுக்கும் இலவச உத்தரவாதம், முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதை வாங்கிவிட வேண்டும், பின்னால் கிடைக்காது. இதே வேலைக்கு வாடகையில் ஒரு பங்கைக் கேட்கும் தனியார் நிறுவனங்களைத் தேடிப் போகாதீர்கள்.

விசாலுக்கு உங்கள் நீண்டகால விசா வேண்டும். விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும். தங்குமிடத்துக்கு விசால் வேண்டும். அங்கே போனதும் வங்கி உங்கள் வீட்டு முகவரியைக் கேட்கும், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார். எத்தனை வருடமாக இந்த வட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் உடைக்கிற மாதிரித் தெரியவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வந்த முதல் வாரம் வகுப்பை விட்டுவிட்டு இதற்காக அலைகிறார்கள். இப்போதைக்கு வழி ஒன்றுதான்: தொடக்கத்தில் தங்க ஒரு தற்காலிக இடத்தைப் பதிவு செய்து விசா வாங்குங்கள், விசா வந்த அன்றே விசாலுக்கு விண்ணப்பியுங்கள். அரசின் வாடகை உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2026 பட்ஜெட் மசோதாவிலேயே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும், அரசு கல்வி உதவித்தொகை இல்லாத மாணவர்களுக்கு அதை வெட்டும் திட்டம் இருந்தது.

வேறு வழியில்லாமல் சாதாரண ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்தால், அது திரும்பி வருமா? வரும். உள்ளே நுழையும் நாளில் வீட்டின் நிலையை இருவரும் எழுதிக் கையெழுத்திடும் தாள் ஒன்று உண்டு. சுவர்க் கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அதில் எழுதவையுங்கள், படமும் எடுங்கள். ஏதாவது விட்டுப்போனால் பத்து நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். வெளியேறும்போதும் இதே தாள். இரண்டும் ஒத்திருந்தால் சாவி கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்தில், ஒத்திராவிட்டால் இரண்டு மாதத்தில் பணத்தைத் தர வேண்டும். தாமதமானால் மாதத்துக்கு வாடகையில் பத்து சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். பிடித்தம் செய்தால் பில்லோ மதிப்பீடோ காட்ட வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் மங்கிய சுவருக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது.

பரிமாற்ற மாணவர்களுக்குப் பணம் வராமல் போவது பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்களால். புது முகவரியை எழுத்தில் கொடுக்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் அதைக் காரணம் காட்டினால் அந்தப் பத்து சதவீதம் போய்விடும். இரண்டாவது, ஊருக்குக் கிளம்பும் வாரத்திலேயே பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். இந்தியக் கணக்குக்கு அனுப்ப வீட்டுக்காரர் சோம்பல்படுவார், அப்படியே காலம் ஓடிவிடும். செப்டம்பர் முடியும்வரை கணக்கைத் திறந்தே வையுங்கள். வெளியேறும் அறிவிப்பு ஒரு மாதம். கடிதம் அவர் கைக்குப் போன நாளிலிருந்துதான் அந்த மாதம் ஓடத் தொடங்கும். ஜூன் 30-ல் கிளம்புவதென்றால் மே 30-க்குள் பதிவுத் தபால் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் சீனியர் சொன்ன வழி வேண்டாம். கடைசி மாத வாடகையை நிறுத்தினால் நீங்கள்தான் கடன்காரர் ஆவீர்கள். விசால் இருந்தால் வீட்டுக்காரர் அங்கே முறையிடுவார், அவர்கள் அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வருவார்கள். தகராறு வந்தால் லியோனில் 'ஆதில்' என்ற வீட்டுத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே சட்ட ஆலோசனை இலவசம். ஊர் திரும்பிய பிறகும் அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம், ஒப்பந்தத்தையும் இரண்டு நிலைத் தாள்களையும் தொலைத்துவிடாமல் இருந்தால் போதும்.