ஒரு கிரவுண்டில் ஆறு வீடு: சங்கம் தடுக்க முடியுமா?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) எங்கள் பழைய தனி வீடு இருக்கிறது. தெரு 24 அடி. நிலம் எங்களுடையது, கட்டுவது அவர் என்ற ஜாயின்ட் வெஞ்சர் கேட்டு ஒரு பில்டர் வந்திருக்கிறார். கீழே தூண்களுக்கு இடையே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளம், ஆறு வீடு, பாதிக்குப் பாதி என்கிறார். தெருவின் நலச் சங்கமோ "இங்கே ஃபிளாட்டே வரக்கூடாது" என்று மாநகராட்சிக்கு மனு எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறது. அவர்களால் தடுக்க முடியுமா? நான் சம்மதிக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: விதிக்கு உட்பட்ட பிளானை, அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாநகராட்சி நிராகரிக்க முடியாது, அம்மா. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உங்களுடையது போன்ற உயரம் குறைந்த கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக்கின. 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. பில்டர் உங்களைத் தேடி வந்ததே இந்தக் கூடுதல் 1,200 சதுர அடிக்காகத்தான்.

அதற்கு மேல் உங்கள் மனையில் இடமில்லை. பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குத் தெரு குறைந்தது 9 மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 அடி இருக்க வேண்டும். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாடும் உண்டு. "அப்ரூவல் வாங்கிவிட்டு மேலே இன்னொரு தளம் போட்டுக்கொள்ளலாம்" என்று பில்டர் சொன்னால், அவரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். நாளை சீல் வைக்க வரும்போது அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நீங்கள்.

சங்கத்தாரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம் வந்தால் சாக்கடைக் குழாய் தாங்குமா, கோடையில் இன்னும் எத்தனை தண்ணீர் லாரி வரும், கார்களை எங்கே நிறுத்துவார்கள்? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் "ஃபிளாட்டே வேண்டாம்" என்பதை என்னால் ஏற்க முடியாது. பழவந்தாங்கல் ரயில் நிலையம், நங்கநல்லூர் ரோடு மெட்ரோ, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பக்கத்திலேயே உள்ள ஊர் இது. இங்கே வீடு கிடைக்காதவர்கள் ஏரியையும் வயலையும் ஒட்டிப் போடும் மனைகளுக்குத்தான் போவார்கள். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 வெள்ளத்தில் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்.

உங்கள் பகுதிச் சங்கங்களுக்கு இதைவிடப் பெரிய காரியம் செய்த வரலாறு இருக்கிறது. உங்கள் நங்கநல்லூர் சேர்ந்திருந்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டியவர்கள் பொதுமக்கள். நம்பிப் பணம் கட்டலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர்கள் நலச் சங்கத்தார். அந்த உழைப்பை இப்போது காட்டலாம்: பெருகும் வீடுகளுக்கு ஏற்பக் குழாயை மாற்றச் சொல்லிக் குடிநீர் வாரியத்தை நெருக்கலாம். மழைநீர் வடிகாலைக் கேட்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கடையாகவோ அறையாகவோ அடைக்கும் கட்டடங்களைப் படத்தோடு புகார் செய்யலாம். மனுவை இப்படித் திருத்தி எழுதினால் கையெழுத்துப் போடுங்கள். இப்போதுள்ள மனுவில் போட வேண்டாம். உங்கள் மனையின் உரிமைக்கு எதிராக நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இனி ஒப்பந்தம். இதில்தான் உங்களைப் பற்றி எனக்குக் கவலை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயமில்லை. உங்கள் மனை 223 சதுர மீட்டர்தான், வீடும் ஆறுதான். பதிவு செய்த திட்டத்துக்கு உள்ள கண்காணிப்பு உங்களுக்குக் கிடைக்காது. ஒப்பந்தப் பத்திரம் ஒன்றுதான் துணை. அதைப் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பாதிக்குப் பாதி என்றால் கட்டடத்தில் மட்டுமல்ல, நிலத்திலும் பாதி. உங்கள் மூன்று வீடுகளுக்கும் சேர்த்து 1,200 சதுர அடி யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) உங்கள் பெயரில் நிற்க வேண்டும். நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடம் மதிப்பிழக்கும். நிலத்துக்குத்தான் அப்போதும் விலை இருக்கும். பவர் பத்திரம் பில்டரின் பங்கை விற்க மட்டும் செல்லட்டும். மூலப் பத்திரங்களைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவற்றை வைத்துக் கடன் வாங்கிய கதைகள் உண்டு. வேலை முடியும்வரை உங்கள் வாடகையைப் பில்டர் தர வேண்டும், தாமதமானால் மாதாமாதம் நஷ்டஈடு என்று தொகையோடு எழுதுங்கள். எந்த மூன்று வீடு, எந்த மூன்று கார் இடம் உங்களுடையது என்பதை வரைபடத்தில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

இந்த நிபந்தனைகளுக்கு அவர் ஒத்துக்கொண்டால் சம்மதிக்கலாம் என்பதே என் ஆலோசனை. பத்திரத்தைப் படிக்க பில்டர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். பிளான் அனுமதி கைக்கு வரும்வரை பழைய வீட்டை இடிக்க விடாதீர்கள்.