வெயில் ஏறினால் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். அதில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை. வெயில் தொடங்கியதிலிருந்து, எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். தாகம் இல்லை என்று தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறார். கோடை முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். அதே சமயம், ‘வெயில்தானே’ என்று இந்தத் தலைசுற்றலை விட்டுவிடவும் கூடாது. இந்த வயதில் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

உடல் சூடாகும்போது வெப்பத்தை வெளியேற்றத் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. இரண்டுமே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். மாத்திரையும் அதே வேலையைச் செய்வதால், குளிர்காலத்தில் சரியாக இருந்த அளவு இப்போது அதிகமாகிவிடலாம்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அப்பாவை 5 நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்தக் குறிப்போடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது) பரிசோதனை செய்துவிட்டு, மாத்திரையின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். சளி, அரிப்பு, தூக்கம், மனநலம், சர்க்கரை என்று வேறு எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அதையும் காட்டுங்கள். வியர்வையைக் குறைப்பவையும் நீரிழப்பைக் கூட்டுபவையும் அவற்றில் உண்டு.

வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். அதனால் அப்பா தாகத்தை நம்பக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை 150 முதல் 200 மி.லி. கொடுத்தால் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் வந்துவிடும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று அறியலாம். ஆனால் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு, உடலில் நீர் குறைந்திருந்தாலும் நிறம் வெளிறியே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு எடை பார்ப்பதே நம்பகமான வழி. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், ஒரே தராசில் பாருங்கள். ஓரிரு நாளில் 1 கிலோ இறங்கினால், இறங்கியது பெரும்பாலும் நீர்தான்.

ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 2.6 கிராம் உப்பும், அதற்கு மேல் சோடியம் சிட்ரேட்டும் இருக்கின்றன. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தினமும் அதைக் கொடுப்பது ஏன் தவறு என்று இப்போது புரியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, அதிகமாக வியர்த்துத் தசைப்பிடிப்பு வந்த நாள் என்று தேவை இருக்கும்போது கொடுங்கள். 1 லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதுமாக 1 லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

அறை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றை உடல்மேல் வீசி, மேலும் சூடாக்கும். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் அடிக்கடி நனையுங்கள். குளிர்ச்சியான அறைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

அவசரம் எது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நினைப்பது தவறு, வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடலைக் குளிரவைக்கத் தொடங்குங்கள். நிழலில் கிடத்தி, மேலாடையைக் களைந்து, உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலுக்கான மருந்து. வெளி வெப்பத்தால் ஏறிய சூட்டை அதனால் இறக்க முடியாது, ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் கல்லீரலுக்கும் கெடுதல்.