நிறுத்தினால் ஒரு கால் பின்னே: பிட்டை மாற்றலாமா?

கேள்வி: என் காயடித்த ஆண் குதிரைக்கு வயது 8. டிரெஸாஜ் (சவாரிக்காரரின் சைகைக்கேற்ப துல்லியமாக நடந்து காட்டும் குதிரைப் போட்டி) பழக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அரங்கின் நடுவில் நிறுத்தும்போதெல்லாம் இடது பின்னங்காலை ஒரு குளம்பு அளவு பின்னால் விட்டுவிடுகிறது. கடைசிப் போட்டியில் நிறுத்தத்துக்கு 10க்கு 5 மதிப்பெண்தான். இன்னும் கடுமையான பிட் (கடிவாளத்தில் வாய்க்குள் இருக்கும் துண்டு) போட்டால் டக்கென்று நிற்கும் என்கிறார் சேணப் பொருள் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பிட் இருப்பது வாயில், உங்கள் சிக்கல் இருப்பது மறுகோடியில். வாய் வலித்தால் குதிரை தலையைத் தூக்கும், முதுகு குழியும், பின்னங்கால்கள் இன்னும் பின்னேதான் போகும். டக்கென்று நின்றாலும் எடையெல்லாம் முன்னங்கால்களில் விழும். நடுவருக்கு வேண்டியது நான்கு காலிலும் எடை சமமாக இருக்க, 3 விநாடியாவது அசையாமல் நிற்கும் குதிரை. விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் பிட் இருக்கிறது, பிட்டைத்தான் சொல்வார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஏன் எப்போதும் இடது கால்? சவாரியில் அவ்வப்போது வரும் பிழை என்றால் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாறும். ஒரே கால் என்றால் எனக்கு முதலில் உடம்பின் மேல்தான் சந்தேகம். லாயத்தில் ஓய்வாக நிற்கும்போது ஒரு வாரம் கவனியுங்கள். பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, முழங்கால் சில்லைப் பூட்டிய மற்றக் காலில் நிற்பது குதிரைக்கு இயல்பு. ஆனால் கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டும். எப்போதும் இடதையே தளர்த்துகிறதா?

அப்புறம், லாடம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். லாடம் மாற்றும் நாளில் கழற்றிய பழைய லாடங்களை லாடக்காரர் மூலையில் வீசுவதற்குள் கேட்டு வாங்குங்கள். சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பின்னங்கால் லாடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடதின் முனை மட்டும் கத்தி போலத் தேய்ந்திருந்தால் குதிரை அந்தக் காலைத் தூக்காமல் இழுக்கிறது. ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் குளம்பு சமமாகப் பதியவில்லை. நான் ஒவ்வொரு ஜோடியிலும் தேதி எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரை வளரும். லாடம் போட்ட குளம்பு தரையில் தேயாது, அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் முனை ஒன்றரை செ.மீ. கூட நீளும். அந்தக் காலோடு, நான்கு காலும் நேராக அமையச் சதுரமாக நில் என்றால் எப்படி நிற்கும்? 6 வாரம், மிஞ்சினால் 8. தேய்மானம் இடதில் மட்டும் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஹாக் மூட்டையும் (பின்னங்காலின் நடுவில் பின்பக்கம் மடங்கும் மூட்டு) முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். சேணம் ஒரு பக்கம் அழுத்துகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

உடம்பில் குறை இல்லையென்றால் பழக்கலாம். டிராட்டிலிருந்து (துள்ளுநடை ஓட்டம்) வேண்டாம், நடையிலிருந்து தொடங்குங்கள். நடக்கும்போது குதிரையின் வயிறு வலப்பக்கம் ஆடும், உங்கள் இடது கால் லேசாகக் கீழே இறங்கும். இடது பின்னங்கால் காற்றில் முன்னே வரும் நேரம் அதுதான். நிற்பதற்கு முந்தின அடியில், அந்த நொடியில் உங்கள் இடது காலால் குதிரையின் வயிற்றில் ஒரு சின்ன அழுத்தம். கை கடிவாளத்தை இழுக்கக் கூடாது, விரல்களை மூடினால் போதும். குளம்பு தரையில் ஊன்றிய பிறகு அழுத்திப் பயனில்லை, எடை ஏறிய கால் எங்கே நகரும்?

கால் பின்னே நின்றுவிட்டால் ஓரடி முன்னே நடத்திச் சரிசெய்யுங்கள். பின்வாங்க வைத்துத் திருத்தினால், நிறுத்தம் என்றாலே பின்னே நகர வேண்டும் என்று குதிரை கற்றுக்கொள்ளும். அதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும்.

கடைசியாக லாடம் மாற்றியது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை மாற்றும்போது பின்னங்கால் லாடங்கள் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள், அடிப்பக்கம் தெரியும்படி.